யான்சனா, லாக்ஸ்புடிங்கா: உப்பு யார் கையில்?

மீனையும் உருளைக்கிழங்கையும் அடுக்கி ஓவனில் சுடும் சுவீடன் பதார்த்தங்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, கிறிஸ்துமஸ் விருந்தில் இடம்பிடிக்கும் யான்சன்ஸ் ஃப்ரெஸ்டெல்ஸெ. மற்றது, சால்மன் மீனில் செய்யும் சாதாரண நாள் சாப்பாடான லாக்ஸ்புடிங். எங்கள் அடுப்படியில் நிலைத்தது லாக்ஸ்புடிங்தான். அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

யான்சனில் வேலை குறைவு. ஒரு கிலோ கிழங்கை மெல்லிய குச்சிகளாக நறுக்கி, வதக்கிய வெங்காயம் இரண்டு, சிறு டப்பா ஆன்ஷோவிஸ் (ஊறவைத்த மீன்) இரண்டு என்று அடுக்கி, 400 மி.லி. கிரீம் ஊற்றி, மேலே ரொட்டித்தூளும் வெண்ணெயும் போட்டு 200 டிகிரி செல்சியஸில் சுமார் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். நறுக்கிய கிழங்கை மட்டும் கழுவக் கூடாது. கிரீமைக் கெட்டியாக்குவதே அதிலுள்ள மாவுச்சத்துதான்.

சிக்கல் டப்பாவில் இருக்கிறது. சுவீடன் ஆன்ஷோவிஸ் உப்பு, சர்க்கரை, மசாலாவில் ஊறிய ஸ்ப்ராட் என்ற சிறு மீன். அதற்குப் பதில் இத்தாலிய நெத்திலி டப்பாவைப் போட்டால் இனிப்பும் மணமும் போய் உப்புதான் கரிக்கும். சரியான டப்பாவே கிடைத்தாலும் உப்பு எவ்வளவு என்பதை டப்பாவில் அடைத்தவர்தான் முடிவு செய்கிறார். ஓவனுக்குள் போனபின் திருத்த வழியில்லை.

லாக்ஸ்புடிங்கில் அந்த முடிவு நம்முடையது. தோல் நீக்கிய 400 கிராம் சால்மனில் ஒன்றரை மேசைக்கரண்டி உப்பும் அதே அளவு சர்க்கரையும் தடவி, மூடி, ஃபிரிஜ்ஜில் ஓர் இரவு வையுங்கள். மறுநாள் ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, ஒரு சிறு துண்டை வெண்ணெயில் வறுத்துச் சுவைத்துப் பாருங்கள். தனியாகச் சாப்பிடச் சற்றே கூடுதல் உப்பாகத் தெரிந்தால் அதுதான் சரியான பதம்; மிச்சத்தைக் கிழங்கும் பாலும் இழுத்துக்கொள்ளும். மிகவும் கரித்தால் குளிர்ந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டு, மறுபடி சுவையுங்கள். பிறகு ஊற்றப்போகும் முட்டை கலந்த பாலில் தனியாக உப்பு வேண்டாம்.

கிழங்கு ஒரு கிலோ: வேகவைத்து, நன்றாக ஆறியபின் அரை செ.மீ. வில்லைகளாக வெட்ட வேண்டும். சூட்டோடு வெட்டினால் உடையும். மாவுக் கிழங்கு என்றால் கூழாகிவிடும். அடியிலும் மேலேயும் கிழங்கு, நடுவில் மீன், வதக்கிய வெங்காயம், கைநிறைய டில் (சதகுப்பை) இலை. மீன் மேலே தெரிந்தால் வறண்டுபோகும். 4 முட்டையை 500 மி.லி. பாலில் அடித்து, வெள்ளை மிளகு சேர்த்து ஊற்றி, 200 டிகிரியில் 45 நிமிடம். பாத்திரத்தை அசைத்தால் நடுப்பகுதி லேசாக ஆட வேண்டும். அப்போதே எடுத்துப் பத்து நிமிடம் விடுங்கள், மீதி தானே இறுகும். விட்டுவைத்தால் முட்டை சுருங்கித் தண்ணீர் கக்கும். உருக்கிய வெண்ணெயும் எலுமிச்சைத் துண்டும் தொட்டுக்கொள்ள.

மறுநாளும் இதற்கே சாதகம்: துண்டு போட்டு வெண்ணெயில் இருபுறமும் சிவக்க வறுக்கலாம். யான்சனைத் திரும்பச் சூடாக்கினால் கிரீமிலிருந்து கொழுப்பு பிரிந்து நிற்கும்.

புகையிட்ட சால்மனிலும் லாக்ஸ்புடிங் செய்கிறார்கள். புகை மணம் டில்லை அமுக்கிவிடுவதாகத் தோன்றுகிறது. ஆனால் அதை அதிகம் செய்து பார்த்ததில்லை.

கிறிஸ்துமஸ் விருந்துக்கு மட்டும் என் ஓட்டு யான்சனுக்கே. ஊறவைத்த ஹெர்ரிங், பன்றித்தொடை, இறைச்சி உருண்டை என்று தட்டு நிறைந்திருக்கும்போது அந்த இனிப்பும் உப்பும் கலந்த ஒரு கரண்டிதான் எடுபடும்.