மட்டக்களப்பு வடிகான் வேலையில் வெள்ள மாதிரிகள்: பல மாரிகளின் அனுபவம்

நகர வடிகான் திட்டங்களுக்காக, மழைநீர் எங்கே ஓடும், எங்கே தேங்கும் என்று கணினி மாதிரியில் கணித்துக் காட்டும் ஹெக்-ராஸ், ஸ்வம் என்ற இரண்டு மென்பொருள்களோடு பல மாரிகளைக் கடந்துவிட்டேன். முதலாவதை அமெரிக்க இராணுவப் பொறியியல் படைப்பிரிவு தருகிறது. மற்றதை அந்நாட்டுச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 1971 முதல் வளர்த்து வருகிறது. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. செலவெல்லாம் தரவில்தான், அதுவும் நம்மைப் போன்ற தட்டையான ஊரில்.

இணையத்தில் இலவசமாக எடுக்கக்கூடிய எஸ்ஆர்டிஎம் நில உயரத் தரவு 2000 பெப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் அளக்கப்பட்டது. அதன் பிழை சில மீற்றர் வரை போகும். மலைநாட்டுப் பதுளையில் அது பெரிய விடயமில்லை. புளியந்தீவிலும் கல்லடியிலும் நிலமே கடல்மட்டத்துக்குச் சில மீற்றர்தான் மேலே இருக்கிறது. தென்னை அடர்ந்த கரையோரத்தில் ரேடார் ஓலையைத்தான் அளக்கிறது, மாதிரியோ அதை மேட்டுநிலமாக எடுத்துக்கொள்கிறது. மரத்தையும் கட்டடத்தையும் கழித்துத் தரும் ஃபேப்டெம் என்ற நில உயரத் தரவு வந்தபின் நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் ஒழுங்கை அளவு வேலைக்கு, மட்டக்கருவி வைத்து வீதி உயரம் எடுக்காமல் நான் எதையும் ஓட்டுவதில்லை.

கட்டட வரைபடத்தில் எங்களுக்கு அதிர்ஷ்டம். 2013 அளவில் உலக வங்கியும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் சேர்ந்து செய்த வேலையில், மட்டக்களப்பின் 30,000 அளவான கட்டடங்கள் ஓப்பன் ஸ்ட்ரீட் மப் என்ற திறந்த இணைய வரைபடத்தில் ஏறின. இத்தனை வசதி வாய்த்த சிறு நகரங்கள் அதிகமில்லை. அதில் இல்லாதது மதில்.

இந்த மதில் விடயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மதிலை வரையாமல் ஹெக்-ராஸை ஓட்டினால் மழைநீர் வளவுகளுக்கூடாகப் பரவி, கணுக்காலும் நனையாத ஆழத்தில் வாவிக்குப் போய்விடும். மதில்களைத் தடைக்கோடாக வரைந்து அதே மழையை மறுபடி கொடுத்தால், தண்ணீர் முழுவதும் ஒழுங்கைக்குள் இறங்குகிறது. தாழ்ந்த முனையில் இருக்கும் இரண்டு மூன்று வீடுகள்தான் எல்லாவற்றையும் வாங்குகின்றன. அப்படியொரு முனை வீட்டு ஆச்சியிடம் படத்தைக் காட்டினேன். "மனே, முந்தி தண்ணி வளவுக்குள்ளால போயிரும். இப்ப எல்லாரும் மதில் கட்டிட்டாங்க, இஞ்சதான் நிக்குது" என்றார். மாதிரி சரியா என்று பார்க்க எனக்கு இவர்களைப் போன்றவர்கள்தான் அளவுகோல். 2011 ஜனவரி வெள்ளம் எந்தப் படிவரை, எந்த யன்னல்வரை வந்தது என்று கைவைத்துக் காட்டுவார்கள். அந்த உயரங்களை அளந்து மாதிரியை ஒத்துப்பார்க்கிறேன்.

மழைத் தரவும் இடிக்கும். காலை 8.30க்கு வாசிக்கும் 24 மணிநேரக் கூட்டுத்தொகை விவசாயத்துக்குப் போதும். வடிகானை நிரப்புவது அதற்குள் கொட்டித்தீர்த்த ஒரு மணிநேரம்.

எல்லாவற்றிலும் முக்கியம், வாவி கடலோடு சேரும் முகத்துவாரம். ஸ்வம்மில் வடிகான் முடியும் இடத்துக்கு வாவி நீர்மட்டத்தைக் கொடுக்க வேண்டும். மணல்திட்டு வெட்டித் திறந்திருந்தால் ஒரு விடை, மூடியிருந்தால் முற்றிலும் வேறு விடை. மூடிய நிலையில் வடிகானை இரண்டு மடங்கு அகலமாக்கினாலும் வாவித் தண்ணீர்தான் அதன்வழி ஊருக்குள் திரும்பி வருகிறது. ஒருவழிக் கதவு போடலாம். அப்போது உள்ளே பெய்த மழை காத்திருக்க இடம் வேண்டும். அந்த இடம் தோணா என்று நாங்கள் சொல்லும் இயற்கை நீரோடையும் பள்ளக்காணியும்தான். அவற்றைக் கிறவல் போட்டு நிரப்பி வீடு கட்டினால் அந்தத் தண்ணீர் யார் வளவுக்குப் போகும் என்பதை மாதிரி வீடு வீடாகக் காட்டுகிறது. இத்தனை காலத்தில் இந்தக் கருவிகளால் நான் கண்ட மிகப் பெரிய பயன் இதுதான். நிரப்பும் அனுமதி கேட்டு வருபவரின் முன்னால் அயலவரின் வீட்டையும் வைத்துப் பேச முடிகிறது.

ஆனால் படம் கைமாறும்போது கவனம் வேண்டும். ஓர் அலுவலகத்தில் வெள்ள ஆழத்தை நிறத்தில் காட்டும் படத்தை மட்டும் வெட்டி அறிக்கையில் சேர்த்தார்கள், அடியில் எழுதிய நிபந்தனை போய்விட்டது. முகத்துவாரம் திறந்திருப்பதாக வைத்து ஓட்டிய படம் எல்லாக் காலத்துக்கும் உரியதாகிவிட்டது. வெள்ளம் வராது என்று அந்தப் படத்தை நம்பி யாராவது அத்திவாரம் போட்டுவிடுவார்களோ என்று நெடுநாள் மனம் ஆறவில்லை. அதன்பின் 'முகத்துவாரம் திறந்த நிலை' என்று படத்தின் குறுக்கேயே அச்சிடுகிறேன், மூடிய நிலையையும் அதே தாளில் பக்கத்தில் வைக்கிறேன்.

நகர வளர்ச்சியைக் கணிக்கும் ஸ்லூத் மாதிரியையும் பார்த்தேன். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதிக்கு முதலில் பயன்பட்டது. நிலச்சாய்வுக்கு அதில் பெரிய இடம் உண்டு. இங்கே சாய்வே இல்லை. வீடு எங்கே போகும் என்பதை வாவியும் கடலும் உறுதிப்பத்திரம் உள்ள காணியும் தீர்மானிக்கின்றன. பக்கத்து ஊரான காத்தான்குடியில் வீடுகள் நெருங்கியிருப்பதை அதனால் விளக்க முடியவில்லை, விட்டுவிட்டேன்.

புதிதாகத் தொடங்கும் தம்பி, தங்கச்சிமாருக்கு: முழு நகரத்தையும் எடுக்க வேண்டாம். ஒரு வடிகான், அதற்கு நீர் வரும் ஒழுங்கைகள், வாவியில் அது விழும் வாய், இவ்வளவு போதும். மதிலை அளவுநாடாவோடு நடந்து வரையுங்கள். வாவி மட்டத்தை மாரி முழுவதும் ஒரே இடத்தில், ஒரே அளவுகம்பத்தில் எழுதி வையுங்கள்.