ரீல்ஸா, வாட்ஸ்அப்பா, சொந்த வலைதளமா? அம்மா போனில் பார்க்கும் பிள்ளைக்கு எது பொருந்தும்

கோத்தகிரியில் நாங்கள் நடத்துவது ஒரு சின்னக் கணினிப் பயிற்சி மையம். டைப்பிங், டேலி வகுப்புகள். வருபவர்கள் பெரும்பாலும் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். பஸ் ஸ்டாண்டில் ஒட்டும் நோட்டீஸை அவர்கள் நின்று படிப்பதில்லை. அதனால் சொந்த வலைதளம், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் என்று மூன்றையும் செய்து பார்த்தோம்.

வலைதளத்தில்தான் அதிகம் தவறினோம், அதிகம் கற்றுக்கொண்டதும் அங்கேதான். முதலில் செய்தது பார்க்க அழகாக இருந்தது. திறந்தவுடன் தேயிலைத் தோட்டப் படங்கள் மாறி மாறி ஓடும், எல்லாம் சேர்ந்து 4 எம்.பி. மலைச்சரிவுக்குப் பின்னால் இருக்கும் ஊர்களில் நெட் வேகம் 1 எம்.பி.பி.எஸ்.ஸுக்கு, அதாவது விநாடிக்கு ஒரு எம்.பி.யில் எட்டில் ஒரு பங்குக்கு, இறங்கிவிட்டால் அது திறக்க 32 விநாடி ஆகும். ஒரு பக்கம் திறக்க 3 விநாடிக்கு மேலானால் போனில் பார்ப்பவர்களில் 53 சதவீதம் பேர் விலகிவிடுகிறார்கள் என்று கூகுள் 2016-லேயே சொல்லிவிட்டது. படங்களைத் தூக்கிவிட்டுப் பக்கத்தை 300 கே.பி.க்குக் கொண்டுவந்தோம். அதே வேகத்தில் இப்போது இரண்டரை விநாடி.

பிள்ளைகள் போனில் கில்லாடிகள், எப்படிக் கொடுத்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது பெரியவர்களின் நினைப்பு. ஆனால் வலைதளங்கள் பயன்படுத்த எளிதா என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் குழு 2005-ல் பதின்வயதினரிடம் வலைதளங்களைக் கொடுத்துச் சோதித்தபோது, கொடுத்த வேலையை முடித்தது 55 சதவீதம்தான். பெரியவர்களுக்கு அது 66. வாசிப்புப் பழக்கம் குறைவு, தேடும் முறை பழகவில்லை, பொறுமையும் குறைவு என்று காரணம் சொன்னார்கள். எங்கள் பிள்ளைகளிடமும் இதையே பார்க்கிறேன். ‘எங்களைப் பற்றி’ பகுதியை யாரும் படிப்பதில்லை. கட்டணம் எவ்வளவு, எத்தனை மணிக்கு விடுவார்கள், விட்டதும் சோலூர்மட்டம் பஸ்ஸைப் பிடிக்க முடியுமா? இந்த மூன்றுக்கும் பதில் முதல் திரையிலேயே இருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய தவறு, சேர்க்கைப் படிவத்தில் ஓ.டி.பி. வைத்தது. ஒரு மாணவி நேரில் வந்து, “அக்கா, ஓ.டி.பி. அப்பா போனுக்குப் போயிடுச்சு, அப்பா ஃபேக்டரில இருந்தாரு” என்றாள். அவள் படிவம் நிரப்பியது அம்மாவின் போனில். சிம் அப்பா பெயரில் இருந்ததால் அவர் எண்ணையே கொடுத்திருக்கிறாள். 2023-ல் 28 மாவட்டங்களில் 14 முதல் 18 வயதினரிடம் நடந்த ‘அசர்’ என்ற கிராமப்புறக் கல்விக் கணக்கெடுப்பு இதைத்தான் எண்ணாகச் சொல்கிறது: ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தப் போன் வைத்திருக்கும் பையன்கள் 43.7 சதவீதம், பெண்பிள்ளைகள் 19.8 சதவீதம். கணக்குத் தொடங்கு, கடவுச்சொல் போடு என்று கேட்கும் எந்த வடிவமைப்பும் முதலில் வெளியே தள்ளுவது இந்தப் பெண்பிள்ளைகளைத்தான்.

இன்ஸ்டாகிராம் கதை சுருக்கமானது. 2020 ஜூனில் டிக்டாக் தடைசெய்யப்பட்டது, அடுத்த மாதமே இங்கே ரீல்ஸ் வந்தது. பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பனிமூட்டத்தோடு நாங்கள் போட்ட ரீலைக் கொண்டாடியவர்கள் சுற்றுலா வர நினைக்கும் வெளியூர்க்காரர்கள். காசு கொடுத்து விளம்பரம் செய்தாலும், 2023 பிப்ரவரியிலிருந்து பதின்வயதினரை வயதும் ஊரும் வைத்து மட்டுமே குறிவைக்க முடியும். எனக்கு அதில் முழுச் சம்மதம். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழுள்ளவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. அதைப் படித்த அன்றே, வலைதளத்தில் யாரோ செருகி வைத்திருந்த விளம்பரக் கண்காணிப்பு நிரலை எடுத்துவிட்டேன்.

வாட்ஸ்அப்பில் முதலில் குரூப் தொடங்கினோம். செய்திருக்கக் கூடாது. குரூப்பில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். ஒரு பிள்ளையின் அம்மாவுக்கு ராத்திரியில் தெரியாத எண்ணிலிருந்து செய்தி வர, அவர் மகளை வகுப்பிலிருந்தே நிறுத்திவிட்டார். அந்தக் குற்றம் எங்களுடையது. இப்போது சேனல் மட்டும்தான். அதில் பின்தொடர்பவர்கள் ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்க முடியாது. மழையால் வகுப்பு ரத்து, நேரம் மாற்றம் எல்லாம் அதில் போகிறது. பிள்ளைகள் திருப்பிக் கேள்வி கேட்க முடியாது என்பது அதன் குறை. அதற்காக வலைதளத்தில் மையத்தின் எண்ணுக்கு ஒரு பொத்தான் வைத்தோம்.

ஒன்றுதான் முடியும் என்று கேட்பவர்களுக்கு என் பதில், எடை குறைந்த ஒரே பக்க வலைதளம். அடுத்தது சேனல். ரீல்ஸ் கடைசி, அதுவும் பெயர் தெரிவதற்கு மட்டும். ஓ.டி.பி. படிவத்தை முழுவதும் எடுத்துவிட்டோம். பிள்ளைகள் கட்டண விவரத்தை அம்மா போனிலேயே காட்டிவிட்டு, சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.