கென்னடியா, ஜான்சனா? நான் ஜான்சனைத் தேர்ந்தெடுத்தது ஏன்

வாசகர் வட்டம் ஒன்றில் பேசுவதற்காக 1960களின் அமெரிக்க அதிபர் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஜான் கென்னடி, லிண்டன் ஜான்சன் என்ற இருவரில் நான் ஜான்சனை எடுத்துக்கொண்டேன்.

கென்னடியின் ஈர்ப்பை விரித்துரைக்கத் தேவையில்லை. செல்வக் குடும்பம், ஹார்வர்டு படிப்பு, போரில் படகு மூழ்கியபோது சக வீரர்களைக் காத்த துணிவு, 43 வயதில் அதிபர் பதவி, 1962 கியூபா ஏவுகணை நெருக்கடியில் காட்டிய நிதானம் ஆகிய அனைத்தும் பலரும் அறிந்தவை. ஜான்சன் 1908இல் டெக்சாஸில் பிறந்து, தந்தை கடனில் மூழ்கியதைப் பார்த்து வளர்ந்தவர். கல்லூரிப் படிப்பின் இடையே கொடுல்லா என்ற சிற்றூரில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தவர். 1948இல் செனட் தேர்தலுக்கான கட்சியின் உள்தேர்தலில் அவர் 87 வாக்குகளில் வென்றார். ஒரு பெட்டியில் பின்னர் சேர்க்கப்பட்ட வாக்காளர் பெயர்கள் அகர வரிசையில் இருந்தன. வாக்காளர்கள் அவ்வளவு ஒழுங்காக வரிசையில் நின்ற ஊர் வேறு இருக்காது.

என் தேர்வைத் தீர்மானித்தது ஒரே கேள்விதான்: அறிவித்ததைச் சட்டமாக்கிக் காட்டியவர் யார்? கென்னடி ஆதரித்த முதியோர் மருத்துவக் காப்பீடு 1962 ஜூலையில் செனட்டில் 52-48 என்ற கணக்கில் தோற்றது. இனப் பாகுபாட்டைத் தடுக்க அவர் 1963 ஜூனில் அனுப்பிய குடிமை உரிமை மசோதா, அவர் கொல்லப்பட்ட நவம்பர் 22 அன்று, மசோதாக்களை விவாதத்துக்கு அனுப்பும் பிரதிநிதிகள் சபையின் விதிகள் குழுவில் சிக்கியிருந்தது. குழுத் தலைவர் ஹோவர்ட் ஸ்மித்துக்கு அதை வெளியே விடும் எண்ணமே இல்லை.

கென்னடியின் துணை அதிபராக இருந்த ஜான்சன் அன்றே அதிபரானார். அதற்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள் செனட்டராகவும், அவற்றில் ஆறு ஆண்டுகள் பெரும்பான்மைத் தலைவராகவும் இருந்த அவருக்கு அந்த அவையின் சந்துபொந்துகள் அத்துப்படி. வரிக் குறைப்பு மசோதாவும் குடிமை உரிமை மசோதாவும் ஒரே நேரத்தில் செனட்டில் நின்றால், தென்மாநில உறுப்பினர்கள் முதலாவதைப் பணயமாக்கி இரண்டாவதைக் கைவிட வைப்பார்கள் என்று அவர் கணித்தார். வரி மசோதாவை விடுவிக்க வேண்டுமானால் பட்ஜெட் 10,000 கோடி டாலரைத் தாண்டக் கூடாது என்று செனட் நிதிக் குழுத் தலைவர் ஹாரி பேர்ட் பிடிவாதமாக இருந்தார். ஜான்சன் அதை 9,790 கோடி டாலராகக் குறைத்துக் காட்டி, 1964 பிப்ரவரியில் வரி மசோதாவை முதலில் கரையேற்றினார். ஸ்மித்தின் குழுவிலிருந்து குடிமை உரிமை மசோதாவை மீட்கும் மனுவுக்கு ஆதரவு திரட்டப்பட்டதும் ஸ்மித்தும் இறங்கிவந்தார். செனட்டில் வாரக்கணக்கில் பேசியே மசோதாவை இழுத்தடித்த தென்மாநிலத்தவரை வழிநடத்தியவர், ஜான்சனுக்கு அரசியல் ஆசானாக இருந்த ரிச்சர்ட் ரஸ்ஸல். அந்தப் பேச்சை முடித்து வைக்க 67 வாக்குகள் தேவைப்பட்டன. சொந்தக் கட்சியில் கிடைத்தவை 44 மட்டுமே. ஆகவே எதிர்க்கட்சித் தலைவர் எவரெட் டர்க்சன் கேட்ட திருத்தங்களுக்கு இடங்கொடுத்து, பெருமையும் அவருக்கே சேர வழிவிட்டார்கள். ஜூன் 10 அன்று தீர்மானம் 71-29 என்று வென்றது. ஜூலை 2 அன்று ஜான்சன் சட்டத்தில் கையெழுத்திட்டார். முதியோர் மருத்துவக் காப்பீடும், வாக்குரிமைச் சட்டமும், இந்தியர்கள் பெருமளவில் அங்கே குடியேற வழி திறந்த குடிவரவுச் சட்டமும் 1965இல் தொடர்ந்தன.

கென்னடி படுகொலையால் எழுந்த அனுதாபம் இதற்குப் பெரிதும் உதவியது என்பதையும், 1957க்கு முன்பு ஜான்சனே குடிமை உரிமை மசோதாக்களை எதிர்த்து வாக்களித்தவர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

வியட்நாமில் என் தராசு தடுமாறுகிறது. கென்னடி காலத்தின் இறுதியில் சுமார் 16,000 ஆக இருந்த அமெரிக்கப் படையினர் 1968இல் ஐந்து லட்சத்தைத் தாண்டினர்; அவ்வாண்டு மார்ச் 31 அன்று, மீண்டும் போட்டியிடப்போவதில்லை என்று ஜான்சன் அறிவித்தார். கென்னடி உயிரோடு இருந்திருந்தால் விலகியிருப்பார் என்போரின் வாதம் வலுவற்றதன்று. போர் குறித்த என் வாசிப்பு ஆழமானதும் அன்று. ஆயினும் ஜான்சனைப் போரை நோக்கி நகர்த்திய பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா, தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பண்டி, வெளியுறவு அமைச்சர் ரஸ்க் ஆகிய மூவருமே கென்னடி நியமித்தவர்கள்.