தரையோடு தங்கிவிடும் கிளட்ச் பெடல்: மலைநாட்டு வீதிகளில் ஒரு பழைய காருடன் நீண்டகால அனுபவம்

கிளட்ச் பெடல் மிதித்த இடத்திலேயே தங்கிவிட்டால், அதைக் காலால் தூக்கிப் பார்ப்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பெடல் கீழே கிடக்கும்போது எஞ்சின் சக்கரங்களை இழுக்கிறதா, இல்லையா? பெடல் கீழே இருந்தால் கிளட்ச் பிரிந்திருக்கிறது, அதாவது எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் இடையிலான பிடி விடுபட்டிருக்கிறது என்றே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். கிளட்சை இயக்கும் எண்ணெய் கசிந்து அழுத்தம் இல்லாமற்போன காரில் பெடல் தரையில் கிடக்கும், ஆனால் கிளட்ச் நன்றாகப் பற்றியிருக்கும். அதைப் பிரிக்கத்தான் முடியாது. அழுத்தம் உள்ளே சிறைப்பட்ட காரிலோ, கிளட்ச் பிரிந்தபடியே நிற்கும். அதை மறுபடி பற்றவைக்க முடியாது. நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் ஏ5 வீதியில் இந்த வேறுபாடு உயிரோடு தொடர்புடையது. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நகரிலிருந்து 1,300 மீற்றருக்கும் மேல் கீழிறங்கும் அந்தப் பாதையில் கிளட்ச் பிரிந்தே நின்றுவிட்டால், கியர் இரண்டில் இருந்தாலும் எஞ்சின் வேகத்தைப் பிடித்து வைக்காது. காரின் முழுப் பாரத்தையும் பிரேக் மட்டுமே தாங்கவேண்டி வரும்.

என்னிடம் இருப்பது 1990களின் இறுதியில் ஜப்பானில் தயாரிக்கப்பட்ட, 1,500 சிசி பெற்றோல் எஞ்சினும் ஐந்து கியர்களும் கொண்ட சாதாரணமான கார். ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையிலேதான் அதன் பெரும்பாலான ஓட்டம்; இடையிடையே கண்டிக்கும், நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டப் பாதைகளுக்கும் போய்வருகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்த காரணத்தால், இத்தகைய பழைய கார்களைத் திருத்தித் திருத்தி வைத்திருப்பது மலைநாட்டில் பல குடும்பங்களுக்குத் தவிர்க்க முடியாததாகிவிட்டது. அதனால்தான் கிளட்ச் பற்றி இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். கியர்பெட்டியை இறக்கும் செலவு ஒரு குடும்பத்தின் மாதக் கணக்கையே குலைத்துவிடக்கூடியது. பெடல் தங்கிவிடும் பழுதுகளில் பலவற்றுக்கோ கியர்பெட்டியைத் தொடவேண்டிய தேவையே இல்லை.

இவ்வகைக் காரில் பெடலுக்கும் கிளட்சுக்கும் இடையே உள்ளது எண்ணெய் மட்டுமே; பிரேக்குக்கு விடும் அதே பிரேக் எண்ணெய். பெடலை மிதித்தால் அதன் தண்டு மாஸ்டர் சிலிண்டருக்குள் உள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது. எண்ணெய் ஒரு குழாய் வழியாகவும் சிறிய ரப்பர் ஹோஸ் வழியாகவும் கியர்பெட்டியின் மேலுள்ள ஸ்லேவ் சிலிண்டருக்குப் போகிறது. அங்குள்ள தண்டு வெளியே வந்து கவட்டை வடிவமான நெம்புகோலைத் தள்ள, ரிலீஸ் பெயரிங், எஞ்சினோடு சுழலும் பிளைவீலின் மேல் கிளட்ச் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை அழுத்திக் கிளட்சைப் பிரிக்கிறது. திரும்பும் வழியைக் கவனிப்பதுதான் முக்கியம். பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் தண்டைப் பின்னோக்கித் தள்ளும், எண்ணெய் திரும்பி வரும், பெடல் எழும். பெடல் முற்றாக மேலே வந்த பின்னர், மாஸ்டர் சிலிண்டருக்குள் உள்ள ஒரு மிகச் சிறிய துளை திறந்து, மிஞ்சிய அழுத்தத்தை எண்ணெய்க் குவளைக்குள் விடுகிறது. அந்தத் துளை அடைபட்டால், சூட்டில் விரியும் எண்ணெய்க்குப் போக்கிடம் இருக்காது, கிளட்சும் முழுமையாகப் பற்றாது.

என் காரில் நேர்ந்த முதற் பழுது அந்தத் துளையைச் சார்ந்ததே. ஓரிடத்தில் வழக்கமான சேர்விஸ் செய்து, குறைந்திருந்த எண்ணெய்களை நிரப்பிக்கொண்டு வந்த சில வாரங்களுக்குப் பின், பெடல் சற்றுச் சோம்பலாக எழத் தொடங்கியது. காலையில் வீட்டிலிருந்து புறப்படும்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. தலவாக்கலையைக் கடந்து நானுஓயா ஏற்றத்தில் எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, பெடல் பாதியில் நின்று, பிறகு மெதுவாக மேலே வரும். அடுத்த கட்டத்தில், பெடல் மேலே வந்துவிட்ட பின்னரும் ஏற்றத்தில் எஞ்சினின் சத்தம் மட்டும் உயர்ந்தது, கார் அதற்கேற்ப முன்னேறவில்லை. காட்டிய கராஜில், கிளட்ச் டிஸ்க் தேய்ந்து வழுக்குகிறது, கியர்பெட்டியை இறக்கி முழுத் தொகுதியையும் மாற்றவேண்டும் என்றார்கள். வெளித்தோற்றத்தில் அந்தத் தீர்ப்பு நியாயமானதுதான். தேய்ந்த டிஸ்க்கும் ஏற்றத்தில், சூட்டில், இப்படியே வழுக்கும். ஆனால் தேய்ந்த டிஸ்க் பெடலைத் தாமதமாக எழச் செய்யாது. இந்த இரண்டு அறிகுறிகளும் ஒன்றாக வந்ததே என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது.

கொட்டகலையில் பல காலமாக வேலை செய்துவரும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் காரைக் காட்டினேன். அவர் சொன்னது இன்றும் எனக்கு வழிகாட்டியாக இருக்கிறது: “ஐயா, பெடலைப் பார்க்காதீங்க. கீழே கம்பி திரும்புதான்னு பாருங்க.” ஸ்லேவ் சிலிண்டரின் தண்டைத்தான் அவர் கம்பி என்றார். என் காரில் பொனெட்டைத் திறந்தாலே அது கண்ணுக்குத் தெரியும். மட்டமான இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, மகனைப் பெடலை மிதித்து விடச் சொன்னோம். மிதித்தபோது தண்டு தாராளமாக வெளியே வந்தது. விட்டபோது முழுவதும் உள்ளே போகாமல் ஓரளவில் நின்றது. அப்போது அவர் ஸ்லேவ் சிலிண்டரில் காற்றை வெளியேற்றுவதற்காக உள்ள ப்ளீடர் திருகைச் சிறிது தளர்த்தினார். எண்ணெய் பீய்ச்சி அடித்தது. தண்டு உடனே உள்ளே போய்விட்டது. நெம்புகோலோ ரிலீஸ் பெயரிங்கோ இறுகியிருந்தால், அழுத்தத்தை விட்ட பின்னரும் தண்டு அசைந்திருக்காது. அடைப்பு எண்ணெயின் பாதையில்தான் இருக்கிறது, கியர்பெட்டிக்குள் இல்லை என்பது அந்த ஒரு சோதனையில் உறுதியானது.

அடைப்பு ஹோஸிலா, மாஸ்டர் சிலிண்டரிலா என்பது அடுத்த கேள்வி. மறுபடி சூடேற்றி, பெடல் தங்கிய நிலையில் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வெளியேறும் குழாயின் இணைப்பைத் தளர்த்தினால் விடை கிடைக்கும். அங்கே தளர்த்தியதும் தண்டு உள்ளே போனால் குற்றம் மாஸ்டர் சிலிண்டரில். போகாவிட்டால், உட்புறம் வீங்கி ஒருவழிக் கதவாக மாறிவிட்ட ரப்பர் ஹோஸில். இந்தக் காரில் மாஸ்டர் சிலிண்டர்தான். அதன் தண்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையே சிறிதளவு இடைவெளி இல்லாவிட்டாலும் அந்தத் துளை திறக்காது என்பதால், பெடலின் மேற்புறத்தில் சில மில்லிமீற்றர் தளர்வு இருக்கிறதா என்பதையும் பார்த்தோம். தளர்வு இருந்தது. ஆகவே சிலிண்டரைக் கழற்றினோம். உள்ளிருந்த ரப்பர் கப் இரண்டும் உப்பி, மெதுமெதுவென்று இருந்தன.

ரப்பர் ஏன் உப்பியது என்று தெரியாமல் புது ரப்பரைப் போட்டால், அதுவும் சில வாரங்களில் உப்பிவிடும். குவளையிலிருந்த எண்ணெயில் சிறிதளவை ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்து, அதே அளவு தண்ணீரை விட்டுக் குலுக்கி வைத்தோம். பிரேக் எண்ணெய் கிளைக்கோல் வகையைச் சார்ந்தது, தண்ணீரோடு கலந்துவிடும். எங்கள் போத்தலில் மேலே ஒரு படலம் பிரிந்து மிதந்தது. பவர் ஸ்டியரிங்குக்கோ எஞ்சினுக்கோ உரிய கனிம எண்ணெய் தவறுதலாகக் குவளைக்குள் விடப்பட்டிருந்தது என்பதற்கு அதுவே போதிய சான்று. பிரேக், கிளட்ச் சிலிண்டர்களில் உள்ள ரப்பர் வகை கனிம எண்ணெய் பட்டால் உப்பும். பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே குவளை உள்ள கார்களும் இருக்கின்றன. அத்தகைய காரில் இதே தவறு நடந்தால் பிரேக் விடுபடாமல் பிடித்துக்கொள்ளும், பிறகு முழுத் தொகுதியையும் கழற்றியாகவேண்டும். என் காரில் கிளட்சுக்குத் தனிக்குவளை இருந்தது பெரிய ஆறுதல். ஆயினும் பிரேக் குவளையின் எண்ணெயையும் அதே போத்தற் சோதனைக்கு உட்படுத்திய பின்னரே மனம் அமைதியடைந்தது.

திருத்த வேலையில் மாஸ்டர், ஸ்லேவ் இரண்டின் ரப்பர்கள், ஹோஸ் ஆகிய மூன்றையும் மாற்றினோம். கனிம எண்ணெய் பட்ட ரப்பர் எதையும் மிச்சம் வைப்பதில் பொருளில்லை. சிலிண்டர்களின் உட்சுவரை நகத்தால் தடவிப் பார்த்து, கோடோ குழியோ தட்டுப்படவில்லை என்பதை உறுதிசெய்த பிறகுதான் ரப்பர் தொகுதி மட்டும் போதும் என்று முடிவெடுத்தோம். குழி விழுந்த சிலிண்டரில் புது ரப்பரைப் போடுவது பணத்தை இரண்டு முறை செலவழிப்பதற்கு ஒப்பானது. அங்கே முழுச் சிலிண்டரையே மாற்றவேண்டும். உலோகக் குழாயை மெதிலேட்டட் ஸ்பிரிட்டால் கழுவிக் காயவிட்டோம். ரப்பர் பாகங்களைப் பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவினால், நாம் களையப் பார்க்கும் அதே கேட்டை மீண்டும் உள்ளே கொண்டுவருகிறோம். பிறகு புதிய பிரேக் எண்ணெய் நிரப்பி, ஒருவர் மிதித்துப் பிடிக்க மற்றவர் ப்ளீடரைத் திறந்து மூடி, குவளை வற்றாமல் பார்த்துக்கொண்டு காற்றை எடுத்தோம். பெயின்டின் மேல் சிந்திய எண்ணெயை உடனே தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும். இல்லையேல் பெயின்ட் எழும்பிவிடும். பழைய டிஸ்க்கோடேயே அதே நானுஓயா ஏற்றத்தில் கார் வழுக்காமல் ஏறியது, இன்றுவரை ஏறுகிறது.

இரண்டாவது பழுது பல ஆண்டுகள் கழித்து, தென்மேல் பருவமழைக் காலத்தில், நோர்வூட் பக்கத்துத் தோட்டப் பாதையில் வந்தது. இலங்கையில் மிகுதியாக மழை பெறும் இடங்களுள் ஒன்றான வட்டவளை எங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை குழிகளில் தேங்கும் சேற்றுநீர் கியர்பெட்டியின் மேல் விடாமல் தெறிக்கும். ஸ்லேவ் சிலிண்டரின் முனையிலுள்ள தூசுக் கவசம் கிழிந்தால், சேறு உள்ளே புகுந்து, துரு பிடித்து, ரப்பரின் விளிம்பை அறுத்துவிடுகிறது. இம்முறை பெடல் திடீரெனத் தரைக்குப் போய் அங்கேயே கிடந்தது. கால்விரலால் தூக்கினால் எடையே இல்லாததுபோல் எழுந்தது. பல கார்களில் பெடலுக்கு உதவியாக ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. எண்ணெயின் எதிர்ப்பு இல்லாதபோது அதுவே பெடலைக் கீழே பிடித்து வைக்கும். ஆனால் கார் கியரில் இழுத்துக்கொண்டே இருந்தது. அதாவது கிளட்ச் பற்றியிருந்தது, அழுத்தந்தான் இல்லை. கவசத்தைச் சிறிது விலக்கியதும் எண்ணெய் சொட்டியது. காரில் வைத்திருந்த எண்ணெயால் குவளையை நிரப்பி, பெடலைப் பலமுறை அழுத்தி எழுப்பி, கியரை மாற்றாமல் இரண்டாம் கியரிலேயே மெதுவாகப் பிரதான வீதிவரை வந்து சேர முடிந்தது. எங்கும் கசிவு தெரியாமல், மிதித்துப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல அமிழ்ந்தால், மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பரைத் தாண்டி எண்ணெய் பின்னோக்கி வருகிறது என்று கொள்ளவேண்டும். குவளைக்குக் கீழே, சாரதியின் காலடிக் கம்பளத்தில் ஈரம் தெரிந்தாலும் அதே சிலிண்டர்தான்.

பெடல் கீழே போகவே மறுத்து இறுகியிருந்தால் வழி வேறு. அங்கே நெம்புகோலின் சுழல்முனை, ரிலீஸ் பெயரிங் வழுக்கும் குழல், பிரஷர் பிளேட் ஆகியவற்றைச் சந்தேகிக்கவேண்டும். மாருதி 800 போன்ற கார்களில் எண்ணெயே இல்லை, கேபிள் மட்டுமே. அதன் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து உறைக்குள் சிக்கும்போது பெடல் கனத்து, பிறகு திரும்பாமல் நின்றுவிடும். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, மழைக்காலத்தில் சேறு படாதிருக்க விரிக்கும் சாக்கும் இரண்டாவது கால்மிதியும் பெடலின் அடியில் சுருண்டிருக்கின்றனவா என்று குனிந்து பார்ப்பது அவசியம்.

இறக்கத்தில் பெடல் தங்கி, எஞ்சின் சக்கரங்களைப் பிடிக்கவில்லை என்று உணர்ந்தால், கியரோடு போராடக்கூடாது. கால்விரலைப் பெடலின் அடியில் கொடுத்து ஒருமுறை தூக்கிப் பார்க்கலாம். எழாவிட்டால், பிரேக் இன்னும் சூடேறாமல் இருக்கும் அந்த முதல் நிமிடத்திலேயே காரை ஓரங்கட்டி நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைக்கவேண்டும். பஸ் நடத்துநர்கள் வைத்திருப்பதைப் போன்ற ஒரு மரக்கட்டை என் காரின் பின்பெட்டியில் எப்போதும் கிடக்கிறது.

இப்போது எண்ணெயை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, மழைக்காலம் தொடங்குமுன் முழுமையாக மாற்றுகிறேன். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 எனும் தரத்துப் புதிய பிரேக் எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ், 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் அது 140 பாகையாக இருந்தாலே தரக்கட்டளைக்குப் போதும். டொட் 4க்கு அவை முறையே 230, 155. கிளட்சில் கொதிப்பதைவிட, அந்த நீரால் சிலிண்டருக்குள் துரு பிடிப்பதே பெரிய கேடு. குவளையில் எண்ணெய் கறுத்திருந்தால் நான் ஆண்டுக் கணக்குப் பார்ப்பதில்லை. சேர்விஸ் செய்யுமிடத்தில் குவளையைத் திறக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நிரப்புவதென்றால், மூடி உடைக்காத போத்தலிலிருந்து நானே நிரப்புகிறேன். மூடி திறந்து மாதக்கணக்கில் அலுமாரியில் இருந்த எண்ணெய் ஹட்டனின் ஈரக்காற்றில் பழைய எண்ணெயாகவே ஆகிவிடும்.

அண்மைக் காலமாகப் பெடலை அழுத்தும்போது மட்டும் மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்கிறது; விட்டால் நின்றுவிடுகிறது. அது ரிலீஸ் பெயரிங் தேய்வதன் அடையாளம், இதற்குக் கியர்பெட்டியை இறக்கியே ஆகவேண்டும். இறக்கும்போது டிஸ்க், பிரஷர் பிளேட், பெயரிங் மூன்றையும் ஒருங்கே மாற்றி, நெம்புகோலின் சுழல்முனைக்கு கிரீஸ் இட்டு, பிளைவீலின் முகத்தையும் அதன் பின்னாலுள்ள எஞ்சின் ஒயில் சீலையும் பார்த்துவிடும்படி மெக்கானிக்கிடம் சொல்லியிருக்கிறேன்.