புளியங்கொட்டையா, ஈர்க்குக் கட்டா, பிளாஸ்டிக் கட்டையா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வழியில் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள் என் மகள். 32-இல் 17 போனால் எவ்வளவு என்று கேட்டால் 25 என்று எழுதுவாள். மேலே இருக்கும் 2-இல் 7 போகாது என்பதால், 7-இல் இருந்து 2-ஐக் கழித்துவிடுவாள். 'பக்கத்தில் கடன் வாங்கு' என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அவளுக்கோ அது என்னவென்றே புரியவில்லை. சரி, கையில் பொருளைக் கொடுத்துப் பார்ப்போம் என்று தொடங்கினேன்.

முதலில் புளியங்கொட்டை. பல்லாங்குழியில் ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு' என்று எடுப்போம் அல்லவா? அந்தப் பழக்கத்தால் நான்கு கொட்டைகளை எண்ணாமல், பார்த்தவுடனே சொல்கிறாள். முதல் வகுப்புக்கு இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியாது. ஆனால் இருபதைத் தாண்டினால் எல்லாம் ஒரே குவியல், பத்து எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கி வையுங்கள், மூக்கில் போட்டுக்கொள்ளும்.

அடுத்து ஈர்க்கு. தென்னை ஓலையில் இருந்து கிழித்து, விரல் நீளத்துக்கு வெட்டி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டோம். முப்பத்திரண்டு என்றால் மூன்று கட்டு, இரண்டு உதிரி. எண்ணின் பெயரிலேயே மூன்று பத்தும் இரண்டும் இருக்கின்றன. பக்கத்து வீட்டு மலையாளப் பிள்ளையும் 'முப்பத்திரண்டு' என்றுதான் சொல்கிறது, அதனால் இருவரும் சேர்ந்தே விளையாடினார்கள். (தொண்ணூறில் மட்டும் ஒன்பது பத்து ஒளிந்துகொள்கிறது. அங்கே ஒன்பது கட்டுகளை அடுக்கிக் காட்ட வேண்டும்.) 17-ஐ எடுக்கச் சொன்னேன். ஏழு உதிரி இல்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள், அப்புறம் அவளாகவே ஒரு கட்டைப் பிரித்தாள். பன்னிரண்டு உதிரியில் ஏழு போய் ஐந்து, மிச்சம் இரண்டு கட்டில் ஒன்று போய் ஒன்று. பதினைந்து! பாடப்புத்தகம் இனமாற்றம் என்று சொல்வது அந்த ரப்பர் பேண்டைக் கழற்றியதுதான்.

பிளாஸ்டிக் கட்டைகள், அதாவது ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் சோல்டான் டீன்ஸின் பெயரில் வழங்கும் டீன்ஸ் கட்டைகள், பார்க்க அழகு. ஒன்றுக்குச் சிறு கனசதுரம், பத்துக்குக் கோல், நூறுக்குத் தட்டு, ஆயிரத்துக்குப் பெரிய கனசதுரம். ஆனால் கோலைப் பிரிக்க முடியாது, கொடுத்துவிட்டுப் பத்துச் சிறு கட்டைகளை வாங்க வேண்டும். ஈர்க்குக் கட்டைப் பிரித்துப் பழகிய குழந்தைக்கு அது எளிது. பழகாத குழந்தைக்கு ஒரு பொருள் மறைந்து வேறொன்று வந்ததுபோல இருக்கும். ஆயிரம் ஈர்க்கை யாரும் கட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதால், பெரிய எண்கள் வரும்போது இந்தக் கட்டைகள்தான் வேண்டும்.

ஆணிகளில் மணிகளைக் கோத்து எண்ணைக் காட்டும் ஆணிமணிச் சட்டத்தை இப்போதைக்கு எடுக்கவில்லை. அதில் பத்தின் மணியும் ஒன்றின் மணியும் ஒரே அளவு, இடத்தை வைத்துத்தான் மதிப்பு. எழுதும் எண்ணுக்கு மிக அருகில் இருப்பது அதுதான், அதனால் ஈர்க்குக் கட்டு இல்லாமலே அவள் கழிக்கத் தொடங்கியதும் அதைக் கையில் கொடுப்பேன்.