ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸ்: காயினை எரிக்காம தேதி முத்திரை போட நல்ல வழி

அப்பா 1968ல இங்க சிங்கப்பூர் துறைமுகத்துல வேலை பாத்தப்ப ஊருக்குப் போட்ட கடுதாசி ஒரு கட்டு அத்தை வீட்டுல கெடச்சுது, ஈசூன் வீட்டுல உக்காந்து எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிட்டேன். இப்பல்லாம் எந்தப் படத்தையும் ஏஐ வெச்சு மாத்திடலாம், அதனால இன்னைய தேதிக்கு இது இப்படித்தான் இருந்துச்சுன்னு ஒரு சாட்சி வேணும்னு தோணுச்சு.

போன வருசம் ஒரு சேவைக்கு 120 வெள்ளி கட்டி அப்பா நினைவா ஒரு வரியை பிட்காயின் பிளாக்செயின்ல, அதாவது உலகம் பூரா கம்ப்யூட்டர்கள்ல இருக்குற பிட்காயின் கணக்குப் புத்தகத்துல, எழுத வெச்சேன். அவங்க அந்த வரியைத் துண்டு துண்டா வெட்டி ஒவ்வொண்ணையும் ஒரு போலி அட்ரஸ் மாதிரி ஆக்கி அதுக்குக் கொஞ்சம் கொஞ்சம் காயின் அனுப்பிருக்காங்க. அந்த வகை அட்ரஸ் ஒண்ணுல 20 பைட் (கம்ப்யூட்டர்ல தகவலை அளக்குற அலகு) தான் பிடிக்கும், நம்ம தமிழுக்கோ எழுத்து, புள்ளி, கொம்பு எல்லாமே தனித்தனியா 3 பைட், அதனால "அப்பாவுக்கு"ங்கிற ஒரே சொல்லுக்கு 33 பைட், ரெண்டு அட்ரஸ்! அந்த அட்ரஸ்ல இருந்து காயினை எடுக்குற சாவி யார்கிட்டயும் கெடையாது, காயின் போனது போனதுதான், இதைத்தான் எரிக்கிறதுன்னு சொல்றேன். காசு போனது கூடப் பரவால்ல, அது போலின்னு நோடுகளுக்கு (அந்தக் கணக்கை வெச்சுச் சரிபாக்குற கம்ப்யூட்டர்களுக்கு) தெரியாது, என்னைக்காவது செலவாகும்னு செலவாகாத காயின் பட்டியல்ல காலத்துக்கும் சுமந்துட்டே இருக்கணும். 2014லயே இந்த மாதிரி சின்னத் தகவலை எழுதுறதுக்குன்னு ஓபி ரிட்டர்ன்னு ஒரு வழி வந்தாச்சு, அதுல போட்டா இது செலவாகாதுன்னு நோடுக்குத் தெரியும், பட்டியல்லயே சேக்காது. அதை விட்டுட்டு இப்படிப் பண்ணது எனக்கு ரொம்ப மனசுக்குக் கஷ்டமாயிடுச்சு, அப்பா பேரைச் சொல்லி ஊருல உள்ளவங்க தலையில பாரம் ஏத்திட்டோமேன்னு.

நோடு ஓட்டுற அண்ணன் மகன்தான் ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸைக் காட்டுனான். இலவசம். ஃபைலை இழுத்துப் போட்டா நம்ம பிரவுசர்லயே 32 பைட் ஹாஷ் (ஃபைலோட கைரேகை மாதிரி) எடுக்குது, கடுதாசி வெளிய போகவே போகாது. நம்ம ஹாஷோட ஊருப்பட்ட ஹாஷ்களை ஒண்ணாக் கோத்து ஒரே ஒரு டிரான்ஸாக்‌ஷன்ல ஓபி ரிட்டர்னா போட்டுடுறாங்க, அதனால செயினுக்குப் பாரமே இல்ல. ஓடிஎஸ்னு சின்ன ரசீது ஃபைல் வரும், பிளாக்ல (அந்தக் கணக்குப் புத்தகத்தோட ஒரு பக்கம் மாதிரி) ஏற எனக்கு மூணு மணி நேரம் ஆச்சு, அவசரக்காரங்களுக்குச் சரிப்படாது.

இது ஃபைலை சேத்து வைக்காது, யார் எழுதுனதுன்னும் சொல்லாது, இந்தத் தேதிக்கு முன்னாடியே இது இருந்துச்சுங்கிறதுக்கு மட்டும்தான் சாட்சி. ஸ்கேன்ல ஒரு பைட் மாறுனாலும் ரசீது செல்லாது. யாரையும் நம்பாம சரிபாக்கணும்னா சொந்த நோடு வேணும், அண்ணன் மகன் நோடுல பாத்தோம், பொருந்துச்சு. ஸ்கேனையும் ரசீதையும் சேத்து ஒரு காப்பி தெம்பனிஸ்ல தங்கச்சி வீட்டுலயும் வெச்சாச்சு.