கருப்பை வாய்ப் பரிசோதனை: பாப் ஸ்மியரா, அசிட்டிக் அமிலமா, ஹெச்.பி.வி.யா?

34, 54, 56, 64. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான மூன்று பரிசோதனைகளில் எது மேல் என்ற விவாதத்தை இந்த நான்கு எண்களிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். மகாராஷ்டிரத்தின் உஸ்மனாபாத் மாவட்டத்தில் (இப்போதைய பெயர் தாராசிவ்) 1999இல் தொடங்கிய ஓர் ஆய்வு தந்த எண்கள் அவை. டாடா நினைவு மருத்துவமனை, பார்ஷி ஊரின் நர்கிஸ் தத் நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை, பிரான்ஸின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆகிய மூன்றும் சேர்ந்து அந்த ஆய்வை நடத்தின. 30 முதல் 59 வயது வரையிலான 1,31,746 பெண்கள் வாழ்ந்த ஊர்களை 52 தொகுப்புகளாக்கிக் குலுக்கல் முறையில் நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இந்தப் புற்றை உண்டாக்கும் வைரஸைத் தேடும் ஹெச்.பி.வி. பரிசோதனை, ஒன்றுக்குச் செல்களை நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் ஸ்மியர், ஒன்றுக்கு அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் வி.ஐ.ஏ. நான்காவது குழுவுக்கு எதுவும் இல்லை. ஒரே ஒரு சுற்றுதான். எட்டு ஆண்டுக் கண்காணிப்பில் இந்தப் புற்றால் இறந்தவர்களின் எண்ணிக்கைதான் மேலே, அதே வரிசையில்.

குழுக்கள் ஏறத்தாழ ஒரே அளவு என்பதால் எண்களை நேராகவே ஒப்பிடலாம். ஹெச்.பி.வி. குழுவில் மரணம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. மற்ற இரண்டிலும் தெரிந்த குறைவு, தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்று ஒதுக்கக்கூடிய அளவே. 2009இல் இந்த முடிவு வெளியானபோது, உலகம் அரை நூற்றாண்டாக நம்பிவந்த பாப் ஸ்மியரின் முதலிடம் ஆட்டம் கண்டது.

பாப் ஸ்மியரைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. கிரேக்க நாட்டிலிருந்து நியூயார்க் போய்ச் சேர்ந்த ஜார்ஜ் பாபநிகோலாவு, கருப்பை வாயிலிருந்து உதிரும் செல்களைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்த்தே புற்றைக் கண்டுபிடிக்கலாம் என்று சொன்னபோது கேட்க ஆளில்லை. அவருடைய மனைவி ஆண்ட்ரோமகியே ஆண்டுக்கணக்கில் தன் செல்களை மாதிரியாகக் கொடுத்து அந்த ஆய்வைத் தாங்கினார். மகளிர் நல மருத்துவர் ஹெர்பர்ட் ட்ராட்டுடன் சேர்ந்து 1941இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது. 1960களில் இதை நாடு தழுவிய திட்டமாக்கிய பின்லாந்தில் இந்தப் புற்றின் மரணங்கள் பெருமளவு சரிந்தன.

ஆனால் பின்லாந்தில் வெற்றி பெற்றது தகடு மட்டுமல்ல. குறித்த காலத்தில் மறுபடி அழைக்கும் கடிதம், தகட்டைப் பார்க்கப் பயிற்சி பெற்றவர்கள், சந்தேகம் வந்தால் கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பி, சதைத் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி என்று ஒரு முழு ஏற்பாடே பின்னால் இருந்தது. ஒரு தடவை மட்டும் எடுத்துப் பார்த்தால் பாப் ஸ்மியர் தவறவிடுவது அதிகம். கனடாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் இரண்டு சோதனைகளையும் செய்து பார்த்தார்கள். 2007இல் வெளியான அந்த ஆய்வில், பின்னால் புற்றாக மாறக்கூடிய, சிகிச்சை தேவைப்படும் முன்புற்று நிலைகளில் பாப் பிடித்தது 55.4%, ஹெச்.பி.வி. சோதனை பிடித்தது 94.6%. ஒன்றுமில்லாதவரை ஒன்றுமில்லை என்று சொல்வதில் பாப் கொஞ்சம் மேல்: 96.8% எதிர் 94.1%. தவறவிட்டதை அடுத்த சுற்றில் பிடிக்கலாம் என்பதுதான் பாப் ஸ்மியரின் கணக்கு. வாழ்நாளில் ஒரு தடவை வந்தாலே பெரிது என்ற நிலையில் இருக்கும் பெண்ணுக்கு அடுத்த சுற்று எங்கே?

அந்த இடத்தில்தான் வி.ஐ.ஏ. நுழைந்தது. 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளையாக மாறும் பகுதி உண்டா என்று நல்ல வெளிச்சத்தில் பார்ப்பது. ஆய்வகம் வேண்டாம், நோய்க்குறியியல் மருத்துவர் வேண்டாம், முடிவுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். செலவும் சொற்பம்.

வி.ஐ.ஏ.வுக்கு வலுவான சான்று ஒன்று நம் திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து வந்தது. அம்பிளிக்கையின் கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நல மையமும் அடையாறு புற்றுநோய் நிறுவனமும் லியோன் முகமையோடு சேர்ந்து 2000இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்களே 31,343 பெண்களைச் சோதித்தார்கள். 2007இல் முடிவு வந்தது: நோய் வருவது 25% குறைவு, மரணம் 35% குறைவு. அதுவும் ஒரே சுற்றில். மும்பையின் குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை நடத்திய இன்னோர் ஆய்வில், பத்தாம் வகுப்பு வரை படித்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, இரண்டாண்டுக்கு ஒரு முறை என்று நான்கு சுற்று செய்ததில் மரணம் 31% குறைந்தது.

அப்படியானால் அதே அமிலம் உஸ்மனாபாத்தில் ஏன் தோற்றது? இந்த ஒப்பீட்டில் என்னை அதிகம் யோசிக்கவைத்த கேள்வி இதுதான். அங்கே வி.ஐ.ஏ. சுமார் 14% பெண்களைச் சந்தேகப் பட்டியலில் வைத்தது. ஹெச்.பி.வி. சோதனை வைத்தது 10%, பாப் 7%. அதிகம் பேரை மேல்சோதனைக்கு அனுப்பிய சோதனை அதிகம் பேரைக் காப்பாற்றவில்லை. வெள்ளையாகத் தெரிவதெல்லாம் முன்புற்று அல்ல. சாதாரண அழற்சியும் வெள்ளை காட்டும். எது எது என்று தீர்மானிப்பது பார்ப்பவரின் கண். அந்தக் கண் பயிற்சியாலும் மேற்பார்வையாலும், அன்றைய வேலைச் சுமையாலும் மாறும். வயதும் சேர்ந்துகொள்கிறது. இரு வகைச் செல்கள் சந்திக்கும், புற்று பெரும்பாலும் முளைக்கும் எல்லைக்கோடு, மாதவிடாய் நின்ற பிறகு கருப்பை வாய்க் குழாய்க்குள் ஏறி மறைந்துவிடும். தடவினாலும் கண்ணுக்குத் தெரியாது. திண்டுக்கல்லில் பலன் மிக அதிகமாகக் கிடைத்தது 30களில் இருந்த பெண்களுக்குத்தான் என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். நல்ல செவிலியர், இளைய வயது, அங்கேயே சிகிச்சை என்ற மூன்றும் கூடும் இடத்தில் வி.ஐ.ஏ. நன்றாகவே வேலை செய்யும். மாநிலம் முழுக்க விரிக்கும்போது முதலில் நீர்த்துப்போவதும் அந்த மூன்றுதான்.

ஹெச்.பி.வி. சோதனைக்கு இந்தக் கண்ணின் சிக்கல் இல்லை. இந்தப் புற்றுக்குக் காரணம் மனித பாப்பிலோமா வைரஸ் என்று நிறுவியதற்காகத்தான் ஹரால்ட் ட்சூர் ஹவுசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். எடுத்த மாதிரியில் ஆபத்தான வகைகளின் மரபணு இருக்கிறதா இல்லையா என்பதை இயந்திரம் சொல்கிறது. செல் கெடுவதற்குப் பல ஆண்டு முன்பே வைரஸ் அங்கே இருக்கும் என்பதால், இல்லை என்று வரும் முடிவுக்கு நீண்ட ஆயுள் உண்டு. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதையே முதல் சோதனையாகப் பரிந்துரைத்தது: 30 வயதிலிருந்து, 5 முதல் 10 ஆண்டுக்கு ஒரு முறை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 25 வயதிலிருந்து, 3 முதல் 5 ஆண்டுக்கு ஒரு முறை. இரண்டாண்டுக்கு ஒரு பாப் என்றிருந்த ஆஸ்திரேலியா 2017 டிசம்பரிலேயே ஐந்தாண்டுக்கு ஒரு ஹெச்.பி.வி. என்று மாறிவிட்டது.

இதைவிடப் பெரிய ஆதாயம் ஒன்று உண்டு. மாதிரியைப் பெண்ணே எடுத்துக்கொள்ளலாம். பஞ்சுக் குச்சியைப் பிறப்புறுப்புக்குள் விட்டுச் சுழற்றி, குப்பியில் போட்டுக் கொடுத்தால் போதும். படுக்கையில் கால் விரித்துக் கிடக்க வேண்டாம், பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலத்தின் குளிர்ந்த இரும்பு வேண்டாம். நம் பெண்கள் இந்தச் சோதனையைத் தவிர்ப்பதற்கு அறியாமையே காரணம் என்று எழுதுபவர்கள் அந்தப் படுக்கையை நினைத்துப் பார்ப்பதில்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு தடவையாவது இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் நாடு முழுவதும் 1.9%. தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோடித் திட்டம் நடத்தி, ஆரம்ப சுகாதார நிலையம் வரை வி.ஐ.ஏ.வைக் கொண்டுபோன தமிழ்நாட்டிலேயே 10%ஐத் தொடவில்லை.

குறை இல்லாமல் இல்லை. விலை அதிகம், முடிவு வரக் காத்திருக்க வேண்டும், அதற்குள் அந்தப் பெண் திரும்பி வராமலே போகலாம். சிறிய கருவியில் சில மாதிரிகளை அங்கேயே பார்த்துவிடும் முறைகள் வந்த பிறகு இது கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. எனக்கு அதைவிடக் கவலை தருவது வேறு. வைரஸ் இருக்கிறது என்ற சீட்டோடு வீட்டுக்குப் போகும் பெண்ணிடம் ‘யாரிடமிருந்து வந்தது?’ என்ற கேள்வி எழும். உடலுறவால் பரவும் வைரஸ்தான். ஆனால் பல ஆண்டுகள் ஓசையின்றித் தங்கியிருக்கக்கூடியது. உடலுறவு வாழ்க்கை உள்ள பெரும்பாலோருக்கு ஒரு கட்டத்தில் வந்துபோவது. சீட்டைக் கொடுக்கும் செவிலியர் இதைக் கணவன், மனைவி இருவரிடமும் சொல்லாவிட்டால் சோதனை செய்த நல்லதைவிட வீட்டில் நடக்கும் கெட்டது பெரிதாகிவிடும்.

எச்.ஐ.வி. இல்லாத, 20களில் உள்ளவர்களுக்கு ஹெச்.பி.வி. சோதனை வேண்டாம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. அந்த வயதில் தொற்று பெரும்பாலும் ஓரிரு ஆண்டில் தானே போய்விடும். அவசரப்பட்டுக் கருப்பை வாயின் ஒரு பகுதியை வெட்டியெடுத்தால், ஆழமாக வெட்டிய அளவுக்குப் பின்னாளில் குறைமாதப் பிரசவ ஆபத்து கூடும். பிள்ளை பெற வேண்டிய பெண்ணுக்கு மிகைச் சிகிச்சையும் ஒரு தீங்குதான்.

உஸ்மனாபாத் எண்களைக் கையாளும் எவரும், சோதனையே இல்லாத குழுவின் 64ஐயும் பேச வேண்டும். பாப் ஸ்மியர் உயிர் காக்கும் என்பது மேலை நாடுகளில் முன்பே தெரிந்திருந்தபோது, ஒரு குழுவை எதுவும் செய்யாமல் விட்டது சரியா என்று கடும் விமர்சனம் எழுந்தது. அன்று அந்தக் கிராமங்களில் வழக்கமான சிகிச்சை என்பதே எதுவும் இல்லாததுதான் என்பது ஆய்வாளர்களின் பதில். அந்தப் பதில் எனக்கு நிறைவளிக்கவில்லை. ஆனால் இந்தக் கட்டுரை நிற்பதும் அந்த எண்ணின் மேல்தான்.

என் முடிவு இது. மக்கள்திரள் திட்டத்தில் முதல் சோதனையாக ஹெச்.பி.வி., அதுவும் பெண்ணே எடுக்கும் மாதிரி. வைரஸ் உண்டு என்று வருபவர்களுக்கு மட்டும் வி.ஐ.ஏ.: எங்கே, எவ்வளவு பரப்பு, வெப்பத்தால் சுட்டு நீக்கும் தெர்மல் அப்லேஷன் போதுமா, மேல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமா என்று பார்ப்பதற்கு. பல ஆண்டுகளாக நம் செவிலியர்கள் கற்றுவைத்திருக்கும் கண் அங்கே வீணாகாது. பாப் ஸ்மியரை நல்ல ஆய்வகம் பக்கத்தில் இருக்கும் நகரத்துக்கு விட்டுவிடலாம். நகரத்தில் இருந்து, செலவும் தாங்குமென்றால் ஹெச்.பி.வி. சோதனையையே கேட்டு வாங்குங்கள். ஹெச்.பி.வி. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது; ஊசி எல்லா வகை வைரஸையும் தடுப்பதில்லை.

உறவுக்குப் பின் ரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் உள்ளவர்களுக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. மூன்று சோதனைகளும் அறிகுறி இல்லாதவர்களுக்கானவை. அறிகுறி இருப்பவர் எந்தச் சோதனை என்று தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்காமல் நேரே மகளிர் நல மருத்துவரிடம் போக வேண்டும். தேவைப்பட்டால் அவர் பயாப்சி எடுப்பார்.